உருகாமல் ஒட்டும் உலோகம்

உலோகத்தின்மேல் உலோகத்தைப் பூசவேண்டுமானால் என்ன செய்வார்கள்? ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். துருத்தியை ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றுவார், நவச்சாரத்தைத் தூவுவார், ஈயத்தைத் தொட்டுத் தேய்த்ததும் அது உருகி ஓடும், ஓடும்போதே பஞ்சால் வளைத்துத் துடைத்துப் பரப்பிவிடுவார். (பெயர் ஈயம் என்றாலும் பூசுவது வெள்ளீயமே.) ஆலைகளில் நடக்கும் வெப்பத் தெளிப்பும் தத்துவத்தில் இதற்கு அண்ணன்தான். உலோகப் பொடியைத் தீச்சுவாலையிலோ பிளாஸ்மாவிலோ உருக்கித் துளிகளாக வீசுகிறார்கள். துளி பரப்பில் பட்டு உறைந்து பூச்சாகிறது.

இரண்டிலும் உருகுதல் உண்டு. உருகுவதற்கு ஒரு விலையும் உண்டு. உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஆவலோடு பற்றிக்கொள்ளும், உறையும்போது சுருங்கும், சுருங்கும்போது பூச்சைப் பிளக்கும் இழுவிசை உள்ளே தங்கிவிடும். அடியிலுள்ள பொருள் சூட்டைத் தாங்காததாக இருந்தால் அதுவும் கெடும். ஹெலிகாப்டரின் பல்சக்கரப் பெட்டிக்கு மக்னீசியக் கலவையில் உறை வார்க்கிறார்கள். எடை குறைவு என்பது அதன் சிறப்பு. எளிதில் அரிக்கும் என்பது அதன் குறை. ஓரிடத்தில் சிறு குழி விழுந்தால்கூட, பற்றவைக்கும் சூட்டில் உறை கோணிப் போகலாம் என்பதால், விலையுயர்ந்த முழு உறையையும் கழிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக்கூடத்தார் அக்குழிகளை அலுமினியத்தால் அடைத்து உறையை மீண்டும் பணிக்கு அனுப்பும் முறையை உருவாக்கினார்கள். அலுமினியம் அங்கே உருகவில்லை. பொடியாகப் பறந்து வந்து மோதி, திண்மமாகவே ஒட்டிக்கொண்டது. இம்முறைக்குக் குளிர்த் தெளிப்பு என்று பெயர்.

நம் சங்கத்தில் இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்கள் பலர். அவர்களும் உடன் வரவேண்டும் என்பதால் சமன்பாடுகளைச் சொற்களாக்கியே எழுதுகிறேன். எண்களை மட்டும் தவிர்க்க இயலாது. இக்கதையே எண்களில்தான் இருக்கிறது.

குளிர்த் தெளிப்பு எவரும் தேடிப்போய்க் கண்டதன்று. 1980-களில் சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க் நகரில், கொள்கை மற்றும் பயன்முறை இயந்திரவியல் நிலையத்தில், அனத்தோலி பப்பீரினும் அவர் கூட்டாளிகளும் ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடும் காற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நுண்ணிய துகள்கள் கலந்த காற்று ஒரு பொருளைச் சுற்றி எவ்வாறு பாய்கிறது என்பதே அவர்கள் கேள்வி. துகள் மோதினால் பரப்புத் தேயும் என்பது அனைவரும் அறிந்தது. மணல் வீசித் துருவை நீக்குவது அப்படித்தானே! ஆனால் துகளின் வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் தேய்மானம் நின்றது. துகள்கள் பரப்பின்மேல் படிந்து வளரத் தொடங்கின. 1994-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

அந்த எல்லைக்கு மாறுநிலை வேகம் என்று பெயரிடலாம். செம்புக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 500 முதல் 570 மீட்டர் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அலுமினியத்துக்கு 600-க்கு மேல். டைட்டானியத்துக்கு இன்னும் அதிகம். பொடியின் பருமன், அதன் சூடு, மேலே படிந்துள்ள ஆக்சைடுப் படலத்தின் தடிப்பு இவற்றைப் பொறுத்து இவ்வெண் ஏறியிறங்கும். எல்லைக்குக் கீழே துகள் துள்ளித் தெறிக்கும். எல்லைக்கு மிக மேலே போனால் மீண்டும் பரப்பை அரிக்கும். இடைப்பட்ட வேகத்தில்தான் பூச்சு உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அவ்வளவு வேகத்தில் மோதினால் துகள் மோதும் இடத்திலேயே உருகிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ செம்பின் இயக்க ஆற்றல் 1,80,000 ஜூல். ஒரு கிலோ செம்பை ஒரு டிகிரி சூடேற்ற 385 ஜூல் வேண்டும். முழு ஆற்றலும் சூடாக மாறினால்கூடச் செம்பின் வெப்பநிலை சுமார் 470 டிகிரிதான் உயரும். செம்பு உருகுவதோ 1,085 டிகிரி செல்சியஸில். ஆகவே துகள் முழுவதும் உருக வழியில்லை. மோதும் விளிம்பில், மிக மெல்லிய ஓர் அடுக்கு மட்டும் கடுமையாகச் சூடேறி, இளகி, பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். ஓடும்போது இருபுறத்து ஆக்சைடுப் படலத்தையும் உடைத்துத் தள்ளும். உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் தொட்டால் பிணைப்புக்கு வேறொன்றும் தேவையில்லை.

ஆகவே சிக்கல் முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: ஒரு மயிரிழையின் தடிப்பைவிடச் சிறிய துகளை, சில அங்குல நீளத்துக்குள், துப்பாக்கிக் குண்டுக்கு நிகரான வேகத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? துகளை ஓட்டுவதற்கு வாயு ஒன்றுதான் இருக்கிறது. எனவே முதலில் வாயுவை ஓட்டவேண்டும்.

தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீறிடும். வழி குறுகினால் வேகம் கூடும் என்று அதிலிருந்து கற்றுக்கொள்கிறோம். வாயுவுக்கும் இது பொருந்தும், ஆனால் ஒலியின் வேகம் வரைதான். அதற்குமேல் விதி தலைகீழாகிறது. விதியைச் சொல்லில் எழுதினால் இவ்வளவே:

பரப்பின் மாறுதல் வீதம் = (மாக் எண்ணின் வர்க்கம் − 1) × வேகத்தின் மாறுதல் வீதம்.

வாயுவின் வேகத்தை அதே இடத்து ஒலி வேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். அது 1-க்குக் குறைவாக இருக்கையில் அடைப்புக்குள் இருப்பது எதிர்மறை. பரப்புக் குறைந்தால் வேகம் கூடும். 1-க்கு மேல் போனதும் அது நேர்மறை. பரப்பு விரிந்தால்தான் வேகம் கூடும். காரணம் எளிது. ஒலியை மிஞ்சிய வாயு, வேகம் கூடும் அளவைக் காட்டிலும் விரைவாகத் தன் அடர்த்தியை இழக்கிறது. அதே நிறை வாயு கடந்துபோக அகலமான பாதை வேண்டும். ஆகவே முதலில் குறுகி, ஒரு கழுத்தில் ஒலியின் வேகத்தை எட்டி, பிறகு விரியும் குழல் தேவைப்படுகிறது. பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தைப் பிரிக்கும் பொறியால் பெயர்பெற்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாவ் டி லாவல், 1880-களில் தம் நீராவிச் சுழலிக்காக இத்தகைய குழலை அமைத்தார். இன்று ராக்கெட்டின் அடியில் இருப்பதும் இதுவே. நம் தெளிப்புப் பீற்றியின் நாசில் இதன் மிகச் சிறிய உருவம். கழுத்தின் விட்டம் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனை 37 வளிமண்டல அழுத்தத்தில் அறைக்குள் அடைத்து, கழுத்தைப்போல் 4.23 மடங்கு பரப்புள்ள வாய் வழியாக வெளியே விடுகிறோம். உராய்வை ஒதுக்கிவிட்டால், வாயில் மாக் எண் 3. அழுத்தம் ஒரு வளிமண்டலம். அறையில் வாயு 27 டிகிரி செல்சியஸில் இருந்தால் வெளிவரும் வேகம் வினாடிக்கு சுமார் 630 மீட்டர். அறையிலேயே அதை 527 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால் அதே நாசிலில் அதே மாக் எண்ணில் வேகம் சுமார் 1,030 மீட்டர்.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. 527 டிகிரியில் நுழைந்த நைட்ரஜன் வெளியே வரும்போது என்ன சூடு இருக்கும்? வெறும் 13 டிகிரி! திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் முட்டிமோதுகிறார்கள். கோபுர வாசலில் நுழைந்ததும் அனைவரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். வாயுவின் சூடு என்பது அதன் மூலக்கூறுகள் கண்டபடி முட்டிமோதும் இயக்கமே. நாசில் அந்த இயக்கத்தை ஒரு திசைக்குத் திருப்பிவிடுகிறது. சூடு வேகமாயிற்று. ஆகவே, "குளிர்த் தெளிப்பு என்கிறீர்கள், பிறகு ஏன் வாயுவைச் சூடாக்குகிறீர்கள்?" என்று கேட்பவருக்கு முதல் விடை இதுதான்: பொடியை உருக்க அன்று, வாயுவை விரைவாக ஓடவைக்க. பொடியும் வழியில் ஓரளவு சூடேறி இளகுகிறது. அது மாறுநிலை வேகத்தைக் குறைப்பதால் கூடுதல் நன்மை. ஆனால் உருகுநிலைக்கு வெகு கீழேயே நிற்கிறது.

இனித் துகளுக்கு வருவோம். பலர் தடுமாறும் இடம் இது. வாயு 1,030 மீட்டர் வேகத்தில் ஓடினால் துகளும் 1,030 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஓடாது. நாசிலைக் கடக்கத் துகளுக்குக் கிடைப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம். அதற்குள் வாயு அதைத் தள்ளி முடிக்கவேண்டும். தள்ளும் விசை வாயுவின் அடர்த்திக்கும், வாயு வேகத்துக்கும் துகள் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். முடுக்கமோ துகளின் விட்டமும் அடர்த்தியும் கூடக்கூடக் குறையும். 40 மைக்ரான் செம்புத் துகளைக் காட்டிலும் 10 மைக்ரான் துகள் நான்கு மடங்கு முடுக்கம் பெறும். ஒரே பருமனுள்ள அலுமினியமும் செம்பும் ஓடினால், அலுமினியம் மூன்று மடங்குக்கு மேல் முடுக்கம் பெறும். 20 மைக்ரான் செம்புத் துகளுக்கு நான் தோராயமாகப் போட்ட கணக்கில், தொடக்க முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சில லட்சம் மடங்கு வருகிறது. அப்படியிருந்தும் துகள் வாயுவை எட்டிப்பிடிப்பதில்லை.

சூடும் வாயுவின் வகையும் எங்கே உதவுகின்றன என்பதை இப்போது நுணுகிப் பார்க்கலாம். துகள் அசையாமல் நிற்கும்போது அதைத் தள்ளுவது வாயு அடர்த்தி பெருக்கல் வேக வர்க்கம். இப்பெருக்கலை விரித்தால், அது வாயுவின் அழுத்தத்தையும் மாக் எண்ணையும் மட்டுமே நம்பியிருப்பது தெரியவரும். வாயுவின் வகையால் சிறு மாற்றமே உண்டு. சூடாக்கினால் வேகத்தின் வர்க்கம் கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் அடர்த்தி குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அப்படியானால் சூடாக்கி என்ன பயன்? பயன் துகள் ஓடத் தொடங்கிய பிறகு வருகிறது. துகள் 500 மீட்டர் வேகத்தை எட்டிவிட்டதாகக் கொள்வோம். 630 மீட்டரில் ஓடும் குளிர்ந்த நைட்ரஜனுக்கு அதைவிட 130 மீட்டர்தான் முன்னிலை. அதன் தள்ளுவிசையில் மிஞ்சியிருப்பது தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு 4 பங்கு. 1,030 மீட்டரில் ஓடும் சூடான நைட்ரஜனுக்கு நூற்றுக்கு 27 பங்கு மிஞ்சியிருக்கிறது. செம்பு ஒட்டுவதும் ஒட்டாததும் தீர்மானமாவது சரியாக இந்த இடத்தில்தான். முதல் உந்தலைத் தருவது அழுத்தம். கடைசி நூறு மீட்டர் வேகத்தைத் தருவது சூடு.

ஹீலியத்தை எடுத்துக்கொண்டால் இதே கணக்கு இன்னும் தெளிவாகும். அறைச் சூட்டில் நைட்ரஜனில் ஒலி வினாடிக்கு சுமார் 350 மீட்டர் செல்லும். ஹீலியத்தில் சுமார் 1,020 மீட்டர். 27 டிகிரியிலேயே, சூடாக்காமலேயே, மாக் 3-இல் ஹீலியம் சுமார் 1,530 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. துகள் 500 மீட்டரை எட்டிய பிறகும் அதன் தள்ளுவிசையில் நூற்றுக்கு 45 பங்கு மிஞ்சியிருக்கும். எனவே கடினமான உலோகங்களுக்கு ஹீலியமே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மலிவன்று. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண உலகின் வானியலார் குண்டூருக்கும் மசூலிப்பட்டணத்துக்கும் வந்தார்கள். ஹீலியத்தின் வரலாறு தொடங்கிய இடங்களில் அவையும் உண்டு. அப்படிப்பட்ட நம் நாடு இன்று தன் ஹீலியத் தேவைக்கு ஏறக்குறைய முழுவதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை எங்கும் பிரித்தெடுக்கலாம். ஆகவே ஹீலியம் தரும் வேகத்தை நைட்ரஜனைக் கொண்டு எவ்வளவு நெருங்கமுடியும் என்பது நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று, பணக் கேள்வி. இக்காலக் கருவிகள் நைட்ரஜனை 1,000 டிகிரி வரையும் 50 வளிமண்டல அழுத்தம் வரையும் கொண்டுசெல்வதன் நோக்கம் இதுவே.

சரி, சிறிய துகள் விரைவாக முடுகும் என்றால் பொடியை மாவுபோல் அரைத்துவிட்டால் என்ன? இங்கேதான் இயற்கை ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. நாசிலுக்கு எதிரே, பொதுவாக 10 முதல் 50 மில்லிமீட்டர் தொலைவில், பூசவேண்டிய தகடு நிற்கிறது. ஒலியை மிஞ்சி வரும் வாயு அத்தகட்டைத் துளைத்துச் செல்ல முடியாது; திரும்பவேண்டும். திரும்புவதற்கு முன் தகட்டுக்குச் சற்று முன்னால் வில் வடிவில் ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. மாக் 3-இல் வரும் நைட்ரஜன் அந்த அலையைத் தாண்டும்போது அதன் அடர்த்தி ஒரே எட்டில் 3.86 மடங்காகிறது, வேகமும் அதே மடங்கு குறைந்து 1,030-இலிருந்து 270 மீட்டர் ஆகிறது. இழந்த சூடும் திரும்பிவிடுகிறது: 13 டிகிரியில் வந்த வாயு 490 டிகிரி ஆகிறது. (குளிர்த் தெளிப்பில் தகடு ஏன் சூடாகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.) இந்த அடர்ந்த, மந்தமான வாயுப் படலத்தைத் துகள் ஊடுருவிச் செல்லவேண்டும்.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மணி நேரே காலடியில் விழும். பதர் காற்றோடு போகும். காற்று இரண்டுக்கும் ஒன்றுதான், வேறுபாடு கனத்தில். அதுபோல் 20, 30 மைக்ரான் துகள் தன் கனத்தால் அப்படலத்தைக் கிழித்துக்கொண்டு, வேகத்தில் சிறிதே இழந்து, தகட்டை அறைகிறது. 5 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகளோ வாயு சொன்ன வழியில் திரும்புகிறது. வேகமிழந்து மோதுகிறது, அல்லது மோதாமலே பக்கவாட்டில் போய்விடுகிறது. எந்தச் சிறுமை அதை நாசிலுக்குள் முன்னே ஓடவைத்ததோ அதே சிறுமை தகட்டருகில் அதைக் கைவிடுகிறது. பெரிய துகளுக்கு வேகம் போதாது; மிகச் சிறியதற்கு வேகம் நிலைக்காது. பொதுவாக 5 முதல் 50 மைக்ரான் வரையுள்ள பொடியையே சலித்தெடுத்துப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம். இரு முனைகளுக்கும் இடையே சரியான பருமன் எது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும்.

நாசிலை நீட்டினால் துகளுக்குத் தள்ளப்பட அதிக நேரம் கிடைக்குமே என்று தோன்றும். ஓரளவு வரை உண்மை. ஆனால் நீளம் கூடக்கூட, குழலின் சுவரை ஒட்டி உராய்ந்து மந்தமாகும் வாயுப் படலம் தடித்துவருகிறது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழலில் அதை அலட்சியம் செய்ய இயலாது. வாயு மிகச் சூடாக இருந்தால் அலுமினியம் போன்ற மென்மையான பொடி நாசிலின் உட்சுவரிலேயே படிந்து வழியை அடைக்கும். உருண்டை வடிவப் பொடியைவிடக் கோணல்மாணலான பொடி வாயுவை நன்றாகப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடும். ஆனால் பொடி தரும் குழாயில் அது தாராளமாக இறங்காது. இவையெல்லாம் பட்டறையில் தீர்க்கவேண்டியவை.

1998-இல் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டைக்ஹுய்சன், ஸ்மித் இருவரும் மேலே கண்ட வாயுவியல் விதிகளைக் குளிர்த் தெளிப்புக்குப் பொருத்தி எழுதினார்கள். பட்டப்படிப்பு இயற்பியல் தெரிந்தவர் பென்சிலும் தாளும் கொண்டே பின்தொடரக்கூடிய கணக்கு அது. நான் இவ்வழியில் இறங்கியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். கணக்கைச் சரிபார்க்கத் துகளின் வேகத்தை நேரில் அளக்கவும் முடியும். லேசர் ஒளி பட்டுச் சிதறும் துகளின் பிம்பத்தை அருகருகே உள்ள இரு பிளவுகளின்மேல் விழச்செய்து, முதற்பிளவிலிருந்து இரண்டாம் பிளவுக்குச் செல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்கிறார்கள். தொலைவை நேரத்தால் வகுத்தால் வேகம், ஓட்டப்பந்தயத்தில் செய்வதுதான்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவு இருக்க, ஒட்டுதலைப் பற்றி இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. மோதும் விளிம்பில் எழும் சூடு வெளியேற நேரமின்றி உலோகத்தை இளக்க, இளகியது மேலும் நழுவ, நழுவல் மேலும் சூட்டை எழுப்ப, அவ்விடம் திடீரென்று நிலைகுலைகிறது என்று 2003-இல் அசாடி, கார்ட்னர், கிரேயே முதலானோர் விளக்கினார்கள். நெடுங்காலம் இதுவே பாடமாக இருந்தது. 2018-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஷூவும் அவர் குழுவினரும் இதை மறுத்தார்கள். மோதலில் எழும் அழுத்த அலை துகளின் விளிம்பை எட்டியதும் திடீரென்று விடுபடுகிறது. அந்த விடுபடலே உலோகத்தைப் பிதுக்கி எறிகிறது. வெப்ப நிலைகுலைவு கட்டாயம் அன்று என்பது அவர்கள் வாதம். முதற்கட்சியினர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டாம் வாதத்தில் சாய்வு உண்டு; தனித் துகள் ஒன்று மோதுவதைப் படம்பிடித்துப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதால். ஆனால் எப்பக்கம் வென்றாலும் துகள் வேகம் என்ற எண்ணின் ஆட்சி குறையப்போவதில்லை. நம் நாட்டில் ஐதராபாத் நகரின் பாலாப்பூரிலுள்ள தூள் உலோகவியல், புதுப்பொருள் ஆராய்ச்சி மையத்திலும் இத்துறையில் ஆய்வு நடந்துவருகிறது. பொருளியல், எந்திரவியல் பயிலும் நண்பர்கள் மேற்படிப்புக்குத் துறை தேடும்போது இதையும் கருதலாம்.

மேலே செம்புக்குச் செய்த ஆற்றல் கணக்கை அலுமினியத்துக்குச் செய்துபார்க்க விரும்புவோர்க்கு வேண்டிய எண்கள்: வேகம் வினாடிக்கு 650 மீட்டர், ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடேற்ற 900 ஜூல், உருகுநிலை 660 டிகிரி. வெப்பநிலை உயர்வு 235 டிகிரியை ஒட்டி வந்தால் கணக்குச் சரி.